சில்வர் ஓக் நிழலில் சாட்டிலைட் நெட் வைப்பது எப்படி

டிடிஎச் டிஷ் மாட்டுறதுதான் என் பிழைப்பு. இப்போ எஸ்டேட்டுக்காரங்க, மருத்துவ முகாம் போடுறவங்க எல்லாம் ஜீப்புல தூக்கிட்டுப் போற மாதிரி சாட்டிலைட் நெட் கேட்கிறாங்க. ஏற்காடு தாண்டி நாகலூர் பக்கம் உள்ளே போனா ஒரு வளைவுல டவர் வரும், அடுத்த வளைவுல போயிடும். கேட்கிறதுல நியாயம் இருக்கு. ஆனா எல்லாரும் வேகம் எவ்வளவுன்னுதான் விசாரிக்கிறாங்க. நான் விசாரிக்கிறது மரத்தைப் பத்தி.

சாட்டிலைட்ல ரெண்டு ரகம். பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர்ல ஒரே இடத்துல நிக்கிறது ஒண்ணு. 2018 டிசம்பர்ல போன நம்ம ஜிசாட்-11 அப்படித்தான், 74 டிகிரி கிழக்குல நிக்குது. இன்னொண்ணு ஸ்டார்லிங்க் மாதிரி சுமார் 500 கிலோமீட்டர் உயரத்துல கூட்டமா ஓடுறது. ஓடுறதுல நெட் வேகம்தான். ஆனா அதைத் துரத்திப் பிடிக்க டிஷ்ஷுக்கு அகலமான வானம் வேணும், ஏறக்குறைய 110 டிகிரி. 40 அடி சில்வர் ஓக் மரம் நிக்கிற காபித் தோட்டத்துல சுத்திலும் 57 அடி வெட்டவெளி எங்கே போய்த் தேடுறது? நிக்கிற சாட்டிலைட்டுக்கு ஒரு சின்ன சந்து போதும். ஏற்காட்டுல இருந்து ஜிசாட்-11 கிட்டத்தட்ட 75 டிகிரி உயரத்துல, தலைக்கு மேலேயே இருக்கு. அதே மரம் தெற்கே நின்னா 11 அடி தள்ளி வச்சாலே கணக்குச் சரி. கிளை விரிஞ்சிருக்கும், 15 அடியா வச்சுக்குங்க. காத்தடிக்கிற நேரத்துல ஒருதரம் அண்ணாந்து பாருங்க. அசையாத மரத்தைப் பார்த்து வச்ச டிஷ், சாயங்காலம் கிளை ஆடினதும் விட்டு விட்டு வரும்.

ஜிசாட்-11க்குத் திசை, தெற்குல இருந்து மேற்கே 20 டிகிரி. பக்கத்து வீட்டு சன் டைரக்ட் டிஷ்ஷைப் பார்த்து அப்படியே திருப்பிடாதீங்க, அது தென்கிழக்கு பார்க்கும். போன் காம்பஸைத் தகரக் கூரை, ஜீப் பக்கத்துல வச்சுப் பார்க்க வேண்டாம். சேலம் பக்கத்துக் கஞ்சமலை அடிவாரத்துல எனக்குக் காம்பஸ் மேலேயே நம்பிக்கை கிடையாது, மலையே இரும்புக்கல்.

ஸ்டாண்டோட மூணு காலுக்கும் கல்லு நிரப்பின காபி சாக்கு வைங்க. கம்பம் நேரா நிக்குதான்னு ரசமட்டம் வச்சுப் பாருங்க. கம்பம் சாய்ஞ்சா டிஷ்ஷைப் பிடிக்கிற பிராக்கெட்டுல இருக்கிற டிகிரி எல்லாம் பொய். ஏற்றக்கோணத்தை, அதாவது டிஷ் எவ்வளவு அண்ணாந்து பார்க்கணும்ங்கிற டிகிரியை, அந்த பிராக்கெட்டுலயே வைங்க, டிஷ் முகத்துல போனை வச்சு அளக்காதீங்க, டிஷ் உண்மையில பார்க்கிறதைவிட நிமிர்ந்து நிக்கிற மாதிரிதான் தெரியும். அப்புறம் இடது வலது மெதுவா, மோடத்துல சிக்னலைப் பார்த்துக்கிட்டே. போல்ட்டை முறுக்கும்போதும் டிஷ் நகரும், மறுபடி பாருங்க.

கரண்டுக்கு வீட்டு இன்வெர்ட்டர் போதும். 150 ஏஎச் பேட்டரியில பாதியைச் செலவழிச்சாலும், 50 வாட் இழுக்கிற செட் பதினஞ்சு மணி நேரம் கிட்ட ஓடும்.

போன்ல பேசும்போது அரை நொடிக்கு மேல தாமதம் இருக்கும். சிக்னல் நாலு தடவை அந்த 36,000 கிலோமீட்டரைக் கடக்குது, அதுக்கு மருந்து கிடையாது. டாக்டர் கேள்வி கேட்டா முடிக்கிற வரைக்கும் காத்திருந்து பதில் சொல்லுங்க. பனிமூட்டம் ஒண்ணும் செய்யாது. பெருமழைதான் கட் பண்ணும்.

வெளிநாட்டுல இருந்து சொந்தக்காரர் டிஷ் கொண்டு வர்றேன்னு சொன்னா வேண்டாம்னு சொல்லிடுங்க. உரிமம் இல்லாம இயக்கினா குற்றம். ஸ்டார்லிங்குக்கு 2025 ஜூன்ல இந்தியாவுல உரிமம் கிடைச்சது, அதுக்காக எங்கேயோ வாங்கின பெட்டி இங்கே செல்லுபடியாயிடாது. முறையா வாங்கின செட்டையும் வேற இடத்துக்கு மாத்துறதுக்கு முன்னாடி சேவை நிறுவனத்துக்குச் சொல்லிடுங்க.

சித்திரை, வைகாசியில மதியத்துக்கு மேல இடி இறங்கும். ஸ்டாண்டுக்கு எர்த் கம்பி ஈரமான மண்ணுல போகணும், பாறையில குத்தினா பிரயோஜனம் இல்லை. மேகம் கறுத்தா யோசிக்காம கேபிளையும் பிளக்கையும் கழட்டிடுங்க. முகாமே நடந்தாலும் சரி. கேபிளை ரூட்டருக்குப் போற வரைக்கும் குழாய்க்குள்ள விடுங்க, இல்லைன்னா குரங்கு இழுக்கும்.