இறுதி விசில்வரை இருக்க விரும்பும் ரசிகருக்கு

மான்செஸ்டர் சிட்டி கால்பந்து அணியின் எத்திஹாட் அரங்குக்குச் செல்பவர், திரும்பும் வழியை முன்கூட்டியே முடிவுசெய்துகொண்டால், 80ஆவது நிமிடத்திலேயே கடிகாரத்தைப் பார்த்துத் தவிக்க நேராது. ஆட்டம் முடிந்ததும் டிராம் நிறுத்தத்தில் கூட்டம் நெருக்கியடிக்கும் என்பதால், பிக்காடிலி ரயில் நிலையத்துக்குச் சுமார் அரை மணி நேரம் நடந்துவிடுவதே மேல். பயணச்சீட்டையும் அதற்கேற்ற ரயிலுக்கே எடுங்கள்.

அணி தோற்கிறதே என்று எழுந்துவிடாதீர்கள். 2012 மே 13 அன்று, குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸிடம் சிட்டி 1-2 எனப் பின்தங்கியிருந்தபோது மனமுடைந்து வெளியேறியவர்கள், 90 நிமிடம் கடந்தபின் சிட்டி வீரர்கள் ஜெக்கோவும் அகுவேரோவும் அடுத்தடுத்து கோல் அடித்து, 44 ஆண்டுகளுக்குப் பின் இங்கிலாந்து லீக் பட்டத்தைப் பெற்றுத் தந்த காட்சியைத் தவறவிட்டார்கள்.

குழந்தையோடு வந்தவரும் கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டியவரும் முன்னதாகக் கிளம்புவதில் விசுவாசக் குறைவு ஏதுமில்லை. ஓர இருக்கையாகப் பார்த்து வாங்கி, பந்து எல்லைக்கோட்டைத் தாண்டிய வேளையில், பின்வரிசைக்கு மறைக்காமல் எழுந்து செல்லலாம்.