லாரி இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது காகிதங்களைப் பத்திரமாகக் கொடுப்பது எப்படி

மாதவரத்தில் லாரி இன்சூரன்ஸ் ஏஜென்டாக இருக்கிறேன். ஓனர்கள் ஆர்.சி., ஆதார், பான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள், எனக்கும்கூட.

முதலில் ஆதார். ஆதார் வழங்கும் அமைப்பான யுஐடிஏஐ-யின் தளத்தில் மறைத்த ஆதாரை இறக்கிக்கொள்ளலாம். கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும். ஆனால் அந்த பிடிஎஃப்பின் பாஸ்வேர்டு உங்கள் பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருடமும்தான். தெரிந்தவர் யாரும் திறந்துவிடலாம், பூட்டியிருக்கிறது என்று நம்பி எல்லோருக்கும் அனுப்பாதீர்கள். நகல் கொடுத்தால் அதன் குறுக்கே 'இன்சூரன்ஸ் புதுப்பிக்க மட்டும்' என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள்.

ஜெராக்ஸ் கடைதான் பெரிய ஓட்டை. கடை நம்பருக்கு அனுப்பிய ஃபைல் அங்கே கம்ப்யூட்டரில் கிடக்கும். எதிரிலேயே நின்று அழிக்கச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அப்புறம் போன். "அண்ணே, உங்க வண்டிக்கு வெள்ளிக்கிழமை இன்சூரன்ஸ் முடியுது" என்று யாராவது பேசினால் கம்பெனி ஆள் என்று நம்ப வேண்டாம். வண்டி நம்பர் தெரிந்தால் அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனிலேயே அந்தத் தேதி கிடைக்கும். ஓடிபி கேட்டால் வைத்துவிடுங்கள். பிரீமியத்தைக் கம்பெனி பெயருக்கே கட்டுங்கள். ஏஜென்டின் சொந்த ஜிபேவுக்கு வேண்டாம். பாலிசி வந்ததும் அதிலுள்ள க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து வண்டி நம்பரைச் சரிபாருங்கள்.

பணம் போய்விட்டதா? உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.