எஃப்.வி.எஸ். இன்புட் ஃபைல்: எரர் காட்டாத தவறுகள்

அமெரிக்க வனத்துறை இலவசமாகத் தரும், காடு எப்படி வளரும் என்று கணிக்கும் மென்பொருளான 'ஃபாரஸ்ட் வெஜிடேஷன் சிமுலேட்டர்', சுருக்கமாக எஃப்.வி.எஸ்., 1973இல் ஆல்பர்ட் ஸ்டேஜ் வெளியிட்ட 'ப்ராக்னோசிஸ்' மாடலிலிருந்து வளர்ந்தது. இன்புட்டில் விடுபட்டதை எல்லாம் தன் டிஃபால்ட் மதிப்புகளால் நிரப்பிக்கொண்டு, நூறு வருடக் கணக்கைச் சத்தமில்லாமல் போட்டுக் கொடுத்துவிடும். வரும் அட்டவணையும் பார்க்க நம்பும்படியாகவே இருக்கும். சிக்கலே அதுதான்.

பெரிய சேதம் சாம்ப்ளிங் டிசைனில், அதாவது மரங்களை எப்படி மாதிரி எடுத்தோம் என்று சொல்லும் இடத்தில் நடக்கிறது. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், 5 அங்குலமும் அதற்கு மேலும் விட்டமுள்ள மரங்களை பேசல் ஏரியா ஃபேக்டர் 40 வைத்து (எடுத்த ஒவ்வொரு மரமும் ஏக்கருக்கு 40 சதுர அடி பேசல் ஏரியாவைக் குறிக்கும்; பேசல் ஏரியா என்பது மார்பு உயரத்தில் தண்டின் குறுக்குவெட்டுப் பரப்பு) எடுத்ததாகவும், அதைவிடச் சிறியவற்றை ஏக்கரில் 300இல் ஒரு பங்கு அளவுள்ள பிளாட்டில் (மாதிரித் துண்டு நிலத்தில்) எண்ணியதாகவும் எஃப்.வி.எஸ். எடுத்துக்கொள்ளும். உண்மையில் நீங்கள் அளந்தது பத்தில் ஒரு பங்கு ஏக்கர் பிளாட் என்று வைத்துக்கொள்வோம். அதிலுள்ள ஒவ்வொரு மரமும் ஏக்கருக்கு 10 மரங்களைக் குறிக்க வேண்டும். டிஃபால்ட்டில் விட்டால், 10 அங்குல மரம் ஒன்று சுமார் 73 மரங்களாகிவிடும் (அதன் பேசல் ஏரியா 0.545 சதுர அடி, 40ஐ அதால் வகுத்துப் பாருங்கள்). 3 அங்குலக் கன்று 300 ஆகும். இதற்கு மருந்து எளிது: பிளாட் அளவின் தலைகீழ் மதிப்பை 10 என்றும், பிரேக்பாயின்ட் விட்டத்தை (பெரிய மரம், சிறிய மரம் என்று பிரிக்கும் அந்த 5 அங்குல எல்லையை) 999 என்றும் கொடுத்தால் எல்லா மரங்களும் ஒரே கணக்கில் வரும்.

மரப் பட்டியலில், ஒவ்வொரு வரியும் எத்தனை மரம் என்று சொல்லும் ட்ரீ கவுன்ட் பத்தியில் (காலத்தில்), ஏற்கெனவே ஏக்கருக்கு மாற்றிய எண்ணிக்கையைப் போடுவதும் இதே குழிதான். விரிவாக்கியதை மென்பொருள் இன்னொரு தடவை விரிவாக்கும். அப்படித்தான் கொடுக்க வேண்டுமென்றால் தலைகீழ் மதிப்பு 1, பிளாட் எண்ணிக்கை 1, பிரேக்பாயின்ட் 999.

மரமே இல்லாத பிளாட்டுகளை மறக்காதீர்கள். பத்தில் இரண்டு வெறுமையாக இருந்தால் மரப் பட்டியலில் அவற்றுக்கு வரியே இருக்காது. பிளாட் எண்ணிக்கையை நீங்கள் எழுதாவிட்டால் எட்டால்தான் வகுபடும். காடு 25 சதவீதம் அடர்த்தியாகிவிடும்.

அடுத்தது அலகுகள். விட்டம் அங்குலத்தில், உயரம் அடியில். சென்டிமீட்டரில் பழகிய நம்மவர்கள் இங்கே கொஞ்சம் கூடுதலாகவே உஷாராக இருக்க வேண்டும். சரிவு சதவீதத்தில்: 30 டிகிரி என்றால் 58. கடல்மட்ட உயரத்துக்கு, காட்டுப் பகுதியின் விவரங்களைத் தரும் ஸ்டேண்ட் இனிட் அட்டவணையில் இரண்டு பத்திகள் உண்டு. 'எலெவ் எஃப்டி' அடியைக் கேட்கும், 'எலிவேஷன்' நூறு அடிகளைக் கேட்கும். பின்னதில் 4500 என்று போட்டால் காடு 4,50,000 அடியில் நிற்கும். எவரெஸ்ட்டே 29,032 அடிதான்! கிரவுன் ரேஷியோவில் (மரத்தின் உயரத்தில் இலைக்கவிகை எவ்வளவு பங்கு என்ற அளவில்) 1 முதல் 9 வரை வகுப்புக் குறியீடு, 10 முதல் சதவீதம்.

மென்பொருளுக்கான கட்டளைகள் அடங்கிய கீவேர்ட் ஃபைலைக் கையால் எழுதுபவர்கள் டேப் விசையைத் தொடவே வேண்டாம். முதல் 10 இடங்கள் கீவேர்டுக்கு. பிறகு ஒவ்வொரு மதிப்புக்கும் பத்துப் பத்து இடங்கள். தசமப் புள்ளி இல்லாத எண் தன் கட்டத்தின் வலது ஓரத்தில் முடிய வேண்டும். சந்தேகமா, புள்ளி வைத்துவிடுங்கள். கணக்கெடுத்த ஆண்டைக் குறிக்கும் 'இன்வ்இயர்' வரி விடுபட்டால் கணக்கு 0ஆம் ஆண்டில் தொடங்கும். 2030க்கு நீங்கள் எழுதிய தின்னிங் (சில மரங்களை வெட்டி அடர்த்தியைக் குறைப்பது) நடக்கவே நடக்காது.

தின்னிங் போன்ற எந்தச் சிகிச்சையும் சேர்க்காமல் முதலில் ஒரு ரன் விட்டுப் பாருங்கள். சம்மரி அட்டவணையின் முதல் வரியில் ஏக்கருக்கு எத்தனை மரம், பேசல் ஏரியா எவ்வளவு என்று இருக்கும். களக் குறிப்பிலிருந்து நீங்களே கால்குலேட்டரில் போட்ட எண்களோடு அவை ஒத்துப்போகாவிட்டால் இரண்டாம் வரியைப் படிக்க வேண்டாம்; டிசைன் பத்திகளுக்குத் திரும்புங்கள்.