தாட்பத்திரிக்கும் வாசல் உண்டு

கல்யாண போட்டோ எடுப்பது என் பிழைப்பு. மும்பை தாராவியில் பிறந்தவன், இப்போது அங்கேயே ஆண்டாப் ஹில். முகூர்த்தம் இல்லாத ஞாயிறுகளில் மாட்டுங்கா, சயான், மாஹிம் பக்கம் கேமராவோடு நடப்பேன். நடைபாதையில் குடியிருப்பவர்களைப் படம் எடுக்கக் கூட வருகிற பையன்கள் முதலில் கேட்பது லென்ஸைப் பற்றித்தான். தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டும் 70-200 ஜூம் லென்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்வேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று அதில் எடுப்பதும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பதும் ஒன்றுதான். 35 எம்எம் லென்ஸ் கொண்டு வாருங்கள். அதில் முகம் நன்றாக விழ வேண்டுமென்றால் நாலைந்து அடிக்குள் போயாக வேண்டும். அவ்வளவு கிட்டே போனால் பேசியும் ஆக வேண்டும்.

போகும்போது வாசல் எங்கே என்று பாருங்கள். கிங்ஸ் சர்க்கிள் அருகே நீலத் தாட்பத்திரி, அதாவது தார்ப்பாய், கட்டி ஒரு பாட்டி இருந்தார், விழுப்புரம் பக்கத்துக்காரர். தாட்பத்திரிக்கு முன்னால் சாக்பீஸால் சின்னதாக ஒரு புள்ளிக் கோலம். அதை மிதித்தபடி போய் நின்றேன். "ஏ தம்பி, செருப்போடவா வீட்டுக்குள்ள வருவ?" என்றார். அன்றைக்குக் கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. அப்புறம்தான் கண்ணில் படத் தொடங்கியது. ஒருவருக்கு ஒரு வரிசைச் செங்கல், இன்னொருவருக்குக் கவிழ்த்து வைத்த வாளி, வேறொருவருக்கு விரித்த அட்டைப்பெட்டியின் ஓரம். அதற்கு வெளியே நின்றுதான் கூப்பிட வேண்டும்.

தமிழ் ஆட்கள் என்றால் ஊரைக் கேட்டாலே பேச்சு ஓடும். மற்றவர்களிடம் நம் பம்பாய் இந்தியில் "போட்டோ நிகாலூ க்யா?" (போட்டோ எடுக்கலாமா?) போதும். பதிலைத்தான் கவனித்துக் கேட்க வேண்டும். யாரும் முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்வதில்லை. முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்வார்கள், சிரித்துக்கொண்டே வேறு பக்கம் திரும்புவார்கள், "உங்க இஷ்டம்" என்பார்கள். "உங்க இஷ்டம்" சம்மதம் ஆகாது. வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். காசு கொடுத்துச் சம்மதம் வாங்குவதும் எனக்குப் பிடிக்காது. ஆளுக்கொரு கட்டிங் சாய் (அரை கிளாஸ் டீ) வாங்கி, உட்கார்ந்து சேர்ந்து குடிக்கலாம்.

விடியற்காலையில் போகாதீர்கள். குளிக்க மறைப்பு இல்லாத பெண்கள் இருட்டோடு எழுந்து குளித்து முடிக்கிற நேரம் அது. மதியம் மூன்று, நாலு மணிக்கு மேம்பாலத்தின் அடியில் இரண்டு பக்கமிருந்தும் வெளிச்சம் மெதுவாக வந்து விழும். எந்த ஸ்டூடியோ விளக்கும் அதற்கு ஈடாகாது. தரையில் உட்கார்ந்துகொள்ளுங்கள், லென்ஸ் அவர் கண் மட்டத்துக்கு வரட்டும். நின்றுகொண்டு எடுத்தால் எவரையும் குனிந்து பார்க்கிற படம்தான் கிடைக்கும். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். இருட்டினால் கேமராவில் வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் ஐஎஸ்ஓவை 3200க்கு ஏற்றுங்கள், கொஞ்சம் புள்ளி விழுந்தால் விழட்டும்.

தூங்குகிறவரை எடுக்காதீர்கள். நான் எடுத்தேன். சயானில், கையைத் தலைக்கு வைத்துத் தூங்கிய ஒருவர். படம் நன்றாக வந்துவிட்டது, நெட்டில் போட்டேன். தான் செக்யூரிட்டி வேலை பார்ப்பதாக அவர் ஊரில் சொல்லியிருந்தாராம். மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் யாரோ அந்தப் படத்தைப் பார்த்துவிட்டார்கள். மறு வாரம் என்னைத் தேடிப் பிடித்து, கத்தாமல், "அதை எடுத்திருங்க தம்பி" என்று மட்டும் சொன்னார். நெட்டிலிருந்து எடுத்துவிட்டேன். ஆனால் பார்த்தவர்கள் பார்த்ததுதானே. இப்போதெல்லாம் அவரவர் பார்த்துச் சரி சொன்ன படத்தை மட்டும் போடுகிறேன். இடத்தின் பெயர் எழுதுவதில்லை. போனில் லொகேஷனையும் அணைத்துவிடுகிறேன்.

குழந்தைகள் முகம் கூடவே கூடாது. தெருவில் வாழ்கிற பிள்ளைகளை 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுகிறவர்களாகக் கருதுகிறது. அவர்களை அடையாளம் காட்டும் படத்தை வெளியிட்டால் 6 மாதம் வரை சிறையோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

படத்துக்குக் கீழே எழுதுவதிலும் கவனம் வேண்டும். மாஹிம் தர்கா பக்கத்து ஹோட்டல்கள் முன்னால், யாராவது காசு கட்டிச் சோறு போடுவார்கள் என்று வரிசையாகக் குந்தியிருப்பார்கள். எடுப்பதற்குச் சுலபமான படம், அதனாலேயே நான் எடுப்பதில்லை. அந்த வரிசையில் மூட்டை தூக்குகிறவரும் இருப்பார். 'பிச்சைக்காரர்' என்று நீங்கள் எழுதிவிட்டால், 1959ஆம் ஆண்டின் பம்பாய்ப் பிச்சைத் தடுப்புச் சட்டம் இங்கே இன்னும் இருக்கிறது. அதில் பிச்சை எடுப்பவரை வாரண்ட் இல்லாமலே போலீஸ் பிடிக்கலாம். என்ன வேலை செய்கிறார் என்று கேட்டு எழுதுங்கள். 1981 ஜூலையில் இந்த ஊர் நடைபாதைகளைக் காலி செய்தபோது, கூலி வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு சேலத்துக்காரரை வலுக்கட்டாயமாக சேலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். வேலை தேடி அவர் மறுபடியும் இங்கேயே வந்தார். அவரும் சேர்ந்து போட்ட வழக்கில்தான் 1985இல் உச்ச நீதிமன்றம், வாழும் உரிமைக்குள் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்றது. (முன்னறிவிப்பு கொடுத்துக் காலி செய்யலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது.)

எடுத்த படத்தை 4க்கு 6 பிரிண்ட் போட்டு, பிளாஸ்டிக் உறையில் கொண்டுபோய்க் கொடுங்கள். மழைக்காலத்தில் உறை இல்லாமல் கொடுத்தால் ஒரு வாரம் தாங்காது. கோலம் போட்ட பாட்டிக்கும் கொண்டுபோனேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை நான் எங்க மாட்டுறது? பாஸ்போர்ட் சைஸ் எடுத்துக் குடு, பேங்குல கேக்குறான்" என்றார். அதிலிருந்து பையில் ஒரு வெள்ளை வேட்டி வைத்திருக்கிறேன். இரண்டு பேர் பின்னால் பிடித்துக்கொண்டால் போதும், ஒரு 4க்கு 6 தாளில் 8 படம் வந்துவிடும். இப்போது நான் போனாலே, தலையைச் சீவிக்கொண்டு ஒரு வரிசை நிற்கிறது.