பன்னிரண்டாம் வகுப்பு கம்ப்யூட்டர் சயின்ஸ்: ஜோடி அட்டை செய்து திருப்பிப் பார்ப்பது எப்படி?

தில்லியில் ஜனவரி குளிர் விடுமுறை வந்துவிட்டால், பிளஸ் டூ பிள்ளைகள் ரஜாயைப் போர்த்திக்கொண்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் நோட்டை முதல் பக்கத்திலிருந்து வாசிக்கிறார்கள். வாசிக்கும்போது எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். தேர்வில் பைத்தான் என்ற கணினி மொழியில் நாலு வரி நிரலைக் கொடுத்து 'அவுட்புட் என்ன?' என்று கேட்டால் பேனா நின்றுவிடும். ஆர்.கே.புரத்தில் மாலை நேரத்தில் என்னிடம் வரும் பிள்ளைகளிடம் இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். வாசிப்பதைக் குறைத்து, விடையைத் தானே எழுதிப் பார்க்க வேண்டும். அதற்கு நான் சொல்லும் வழி, ஜோடி அட்டை: முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை, ஒரே ஒரு வித்தியாசத்தோடு இரண்டிரண்டாக.

படி 1: அட்டை வெட்டுங்கள்

கெட்டிக் காகிதம் நயி சடக் கடைகளில் கிடைக்கும். பிராக்டிகல் ஃபைலில் மிஞ்சிய ஷீட்டை நான்காக வெட்டினாலும் சரிதான்.

படி 2: எங்கிருந்து தொடங்குவது?

சி.பி.எஸ்.இ. எழுத்துத் தேர்வின் 70 மதிப்பெண்ணில் பைத்தான் பகுதிக்கு 40, டேட்டாபேஸுக்கு 20, நெட்வொர்க்குக்கு 10. பைத்தானில் தொடங்குங்கள். பள்ளியில் திருத்திக் கொடுத்த விடைத்தாள்களை எடுத்து, மதிப்பெண் போன கேள்விகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். தெரிந்ததற்கெல்லாம் அட்டை போட்டு நேரத்தைக் கரைக்க வேண்டாம்.

படி 3: ஜோடியாக எழுதுங்கள்

இதுதான் முக்கியமான படி. ஒரே நிரலை இரண்டு அட்டைகளில் எழுதுங்கள். இரண்டாவதில் ஒரே ஒரு இடத்தை மட்டும் மாற்றுங்கள்.

ஓர் உதாரணம். 'மொத்தம்' என்று ஒரு மாறி, தொடக்க மதிப்பு 0. திரும்பத் திரும்ப ஓடும் ஒரு ஃபார் லூப், ரேஞ்சுக்குள் 1, 10, 3 (1-இல் தொடங்கி, 10 வரை, மூன்று மூன்றாகத் தாண்டு என்று பொருள்). ஒவ்வொரு சுற்றிலும் லூப் எண்ணை மொத்தத்தோடு கூட்டுகிறோம். முதல் அட்டையில், மொத்தத்தைக் காட்டும் பிரிண்ட் வரி லூப்புக்கு வெளியே இருக்கட்டும். இரண்டாவதில் அதே வரியை உள்ளே தள்ளி எழுதுங்கள்.

அட்டையின் பின்பக்கம் சின்னதாக ஓர் அட்டவணை போடுங்கள். லூப் எண் 1 என்றால் மொத்தம் 1, எண் 4 என்றால் 5, எண் 7 என்றால் 12. அதோடு லூப் முடிந்தது. முதல் அட்டையின் விடை 12 மட்டும். இரண்டாவதில் 1, 5, 12 என்று மூன்று வரிகள் வரும். 22 என்று எழுதுகிற பிள்ளை, 10-ஐயும் சேர்த்துக் கூட்டியிருக்கிறது. ரேஞ்சில் கடைசி எண் சேராது என்பதை அந்த அட்டவணைக்குக் கீழேயே, வீட்டில் பேசுகிற தமிழில் எழுதி வையுங்கள்: "பத்து வரும் முன்னாடியே நின்னுடும்." தேர்வில் ஆங்கிலத்தில் எழுதப் போகிற பிள்ளைக்கும், காரணம் மனதில் பதிவது பேசுகிற மொழியில்தான் என்பது என் எண்ணம்.

இன்னும் சில ஜோடிகள்:

- ஏற்கெனவே எழுத்து உள்ள ஒரு டெக்ஸ்ட் ஃபைலை 'டபிள்யூ' முறையில் திறந்தால் உள்ளே இருந்தது அழிந்துவிடும். 'ஏ' முறையில் திறந்தால் பழையது அப்படியே இருக்கும், புதியது கடைசியில் சேரும்.
- ஐந்து மாணவர் உள்ள டேட்டாபேஸ் டேபிளில் ஒருவருடைய போன் எண் 'நல்' (NULL, அதாவது மதிப்பே இல்லை) என்று இருக்கட்டும். எண்ணிச் சொல்லும் கவுன்டுக்குள் (COUNT) நட்சத்திரக் குறி போட்டால் 5, போன் எண் உள்ள நெடுவரிசையின் பெயரைப் போட்டால் 4.
- ஹப், ஸ்விட்ச் இரண்டும் கணினிகளை இணைக்கும் கருவிகள். ஹப், வந்த தகவலை மற்ற எல்லா போர்ட்டுக்கும் (கேபிள் செருகும் இடம்) அனுப்பும். ஸ்விட்ச், மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) பார்த்து உரிய கணினிக்கு மட்டும் அனுப்பும்.

நெட்வொர்க்கில் வரும் சுருக்கப் பெயர்களின் விரிவாக்கத்துக்கு ஜோடி தேவையில்லை. சாதாரண அட்டை போதும்.

படி 4: விடையைச் சரிபாருங்கள்

பைத்தான், எஸ்.க்யூ.எல். (டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழி) அட்டைகளில் பின்பக்கம் எழுதுவதற்கு முன் நிரலைக் கணினியில் ஓட்டிப் பாருங்கள். வீட்டில் கணினி இல்லையென்றால் பள்ளி லேபில் ஒரு பீரியட் கேட்டு வாங்குங்கள். தப்பான விடை அட்டையில் ஏறிவிட்டால் தேர்வு வரைக்கும் அதையே மனப்பாடம் செய்வோம்.

படி 5: மூன்று டப்பா

செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானியர் 1972-இல் பிரபலமாக்கிய முறை இது. அவருடைய பெட்டியில் ஐந்து அறைகள் உண்டு. நமக்கு மூன்று டப்பா போதும். முதல் டப்பாவைத் தினமும், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை எடுங்கள். விடையை ரஃப் நோட்டில் எழுதிய பிறகுதான் அட்டையைத் திருப்ப வேண்டும். சரியென்றால் அடுத்த டப்பாவுக்குப் போகும். தப்பென்றால் எந்த டப்பாவில் இருந்தாலும் முதல் டப்பாவுக்கே திரும்பும், தன் ஜோடியையும் கூட்டிக்கொண்டு. "இது சின்னத் தப்புதான்" என்று சலுகை கொடுக்காதீர்கள். உள்ளே தள்ளாமல் விட்ட ஒரு வரி, விடையையே மாற்றிவிடும்.

அட்டைகளை அவ்வப்போது நன்றாகக் கலைத்துவிடுங்கள். ஜோடிகள் அடுத்தடுத்து வந்தால் வித்தியாசத்தை எளிதாகக் கண்டுபிடித்துவிடலாம். தேர்வில் ஒன்றுதான் தனியாக வரும். கடைசி வாரத்தில் புதிய அட்டை எழுத வேண்டாம். முதல் டப்பாவில் தங்கிவிட்டவற்றை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் அட்டவணையோடு முழு விடை எழுதுங்கள்.