மலையடிவாரத்தில் குடியேறப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணிக்கு மதுரைக்குப் பக்கத்தில் இருக்கும் கீழக்குயில்குடிக்கு வந்து பாருங்கள், இங்கேயே தங்கிவிடலாமா என்று தோன்றும். தாமரைக் குளம், அய்யனார் கோயில், ஆலமர நிழல், பாறையில் வெட்டிய படிகளில் மூச்சு வாங்கிக்கொண்டு சமணர் மலை ஏறும் மதுரைக்காரர்கள், எங்கோ அகவும் மயில். நானும் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்து விழுந்தவன்தான். இந்தப் பக்கம் குடிவந்து ஏழு வருடம் ஆகிறது. அரிட்டாபட்டி, குட்லாடம்பட்டி, அழகர்கோவில் அடிவாரம் என்று இப்போது பலரும் இடம் தேடுகிறார்கள். அவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் சென்ட் என்ன விலை என்பதுதான். கேட்க வேண்டியது வேறு நிறைய இருக்கிறது.

முதலில், மார்கழியில் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்காதீர்கள். சித்திரையில் பகல் இரண்டு மணிக்கு ஒரு முறை வாருங்கள். மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் பாதி மொட்டைப் பாறை. பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு, இருட்டிய பிறகு மெதுவாகக் கக்கும். ஊருக்குள் காற்று ஆறிய நேரத்திலும் அடிவாரத்து வீட்டுச் சுவரைத் தொட்டால் சூடு தெரியும். இது தெரியாமல், மலை தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டு மேற்குச் சுவரில் ஆறடிக்குக் கண்ணாடி ஜன்னல் வைத்தேன். பங்குனி தொடங்கி ஆடிக் காற்று வீசும்வரை அதற்குத் திரை போட்டுத்தான் இருக்கிறோம். வருடத்தில் எட்டு மாதம் மலை தெரிகிறது, சரி.

அடுத்தது பத்திரம். பட்டா இருக்கிறது, வில்லங்கச் சான்றிதழ் சுத்தமாக இருக்கிறது என்றால் போதும் என்று நினைக்கிறார்கள். மதுரைப் பக்கத்துக் குன்றுகளுக்கு அது போதாது. சமணர் மலையில் செட்டிப்பொடவு, பேச்சிப்பள்ளம் என்ற இடங்களில் இருக்கும் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்கள் ஆயிரம் வருடத்துக்கும் மேல் பழமையானவை. அவற்றை மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது. 2010ல் திருத்தப்பட்ட சட்டப்படி, மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் எழுப்பக் கூடாது. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை, அனுமதி வாங்கித்தான் கட்ட முடியும். தரகர் இதைச் சொல்ல மாட்டார். ‘மலை வியூ சார்’ என்று மட்டும் சொல்வார். வியூ எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்குச் சிக்கலும் கிட்டத்தில் இருக்கலாம். அளவு நாடா பிடித்து அளக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வனத்துறை எல்லைக்கல் எங்கே நட்டிருக்கிறது என்பதையும் காலால் நடந்து பாருங்கள்.

இதையெல்லாம் விடப் பெரிய தவறு தண்ணீரில் நடக்கிறது. நான் செய்ததே அதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

என் இடத்தின் ஓரமாக ஒரு பள்ளம் ஓடியது. அகலம் நாலடி இருக்கும். முள்ளும் பிளாஸ்டிக் பையும் நிறைந்து கிடந்தது. யாரோ மண் எடுத்த குழி என்று நினைத்து, இரண்டு டிராக்டர் செம்மண் அடித்து மூடி, அதன்மேல் முள்கம்பி வேலியும் போட்டேன். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வந்து நின்று பார்த்தார். “தம்பி, இது வரத்துக்காலுப்பா. மலைத் தண்ணி இதுலதான் கம்மாய்க்குப் போகும்” என்றார். “தண்ணி எங்கய்யா வருது, வறண்டுல்ல கெடக்கு” என்றேன். அவர் பதில் சொல்லவில்லை, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார். இரண்டு வருடம் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் வருடம் ஐப்பசியில் ஒரே இரவில் கொட்டித் தீர்த்தது. பாறை தண்ணீரைக் குடிக்காது. விழுந்த மழையெல்லாம் அரை மணி நேரத்தில் கீழே வந்துவிடும். வழி இல்லாத தண்ணீர் என் வேலியைச் சாய்த்து, சமையலறை வழியாகப் போய், பெரியவரின் கத்தரித் தோட்டத்தையும் அள்ளிக்கொண்டு போனது. மறுநாள் நானே மண்வெட்டி எடுத்து வரத்துக்காலை வெட்டித் திறந்தேன். கத்தரிக்கு நஷ்டமும் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டார், அதுதான் எனக்கு நிம்மதி. வாங்க மறுத்திருந்தால் காலத்துக்கும் பேசியிருக்க மாட்டார்.

பாண்டிய நாடு கண்மாய் நாடு. மலையில் விழுவது வரத்துக்கால் வழியாக ஒரு கண்மாய்க்கு வரும், அது நிறைந்து கலுங்கு வழியாக அடுத்த கண்மாய்க்குப் போகும். இந்தச் சங்கிலியில் உங்கள் இடம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் மண் அடிக்காதீர்கள், காம்பவுண்டு எழுப்பாதீர்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடத்தைக் கேட்டுப் பாருங்கள், ஓடையும் வாய்க்காலும் கோடு கோடாக இருக்கும். அதோடு நிற்காமல், ஆடு மேய்க்கிறவர் யாரிடமாவது ‘பெருமழைக்கு இங்கே தண்ணி எப்படிப் போகும்?’ என்று கேளுங்கள். படத்தில் விட்டுப்போனது அவருக்குத் தெரியும்.

ஆழ்துளைக் கிணறு பற்றி ஒரு வரி: பாறையில் வெடிப்பு அமைந்தால் தண்ணீர், இல்லாவிட்டால் புழுதி. பக்கத்து வீட்டில் 300 அடியில் கிடைத்தது உங்களுக்கு 800 அடியிலும் கிடைக்காமல் போகலாம். வீடு கட்டிவிட்டு போர் போடாதீர்கள். போர் போட்டுப் பார்த்துவிட்டு வீடு கட்டுங்கள்.

கண்மாய் என்றதும் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர்களும் இருக்கிறார்கள். பல ஊர்களில் கண்மாய் மீன் குத்தகைக்குப் போயிருக்கும், இல்லையென்றால் தண்ணீர் வற்றும்போது ஊரே இறங்கிப் பிடிக்கட்டும் என்று விட்டுவைத்திருப்பார்கள். நீங்கள் பொழுதுபோக்காகப் பிடிக்கும் இரண்டு கெண்டைக்கு ஊர் முழுக்கப் பேச்சு வரும்.

இனி ஊர். சாமி கும்பிடுக்கு ஒவ்வொரு குடும்பத்துக்கும் தலைக்கட்டு வரி போடுவார்கள். புதிதாக வந்தவர்கள் இதில் இரண்டு விதமாகத் தப்பு செய்கிறார்கள். ஒருவர், “நான் கோயிலுக்கே போறதில்ல, எதுக்கு வரி?” என்று கேட்டு வந்தவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினார். அப்புறம் அவர் வீட்டு வழியாகப் போகும் குழாயில் அடைப்பு எடுக்க ஆள் கிடைக்கவே இல்லை. இன்னொருவர் நேர்மாறு. தலைக்கு ஆயிரம் என்றால் இவர் ஐம்பதாயிரத்தை நீட்டினார், தன் பெயர் போட்ட பிளக்ஸும் வைத்தார். ஊர்ப் பெரியவர்கள் முகம் சுருங்கிப்போனது. எல்லோரும் சமமாகப் போட்டுச் சாமி கும்பிடுவதுதான் அந்த வரியின் கணக்கே. பணம் படைத்தவன் மேலே ஏறிக்கொள்ள அது ஏணி இல்லை. எனக்கு முதல் இரண்டு வருடம் வரி போடவில்லை. நானாகப் போய்க் கேட்டபோது, “இருங்க சார், பாப்போம்” என்றார்கள். மூன்றாம் வருடம், வரத்துக்காலைத் திறந்த பிறகு, நோட்டோடு வாசலில் வந்து நின்றார்கள். சாருக்குப் பதில் அன்று ‘அண்ணே’ என்று கூப்பிட்டார்கள்.

காப்பு கட்டிய நாட்களில் ஊர்க் கட்டுப்பாடு என்ன என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். சில ஊர்களில் வெளியூரில் ராத்தங்க மாட்டார்கள், சில ஊர்களில் பச்சை மரத்தில் கத்தி வைக்க மாட்டார்கள். அந்த வாரம் பார்த்து வேப்பங்கிளை வெட்ட ஆள் கூப்பிடாதீர்கள். கோயில் மாடு உங்கள் செடியைத் தின்றால் கையைத் தட்டி விரட்டுங்கள். கம்பை எடுக்காதீர்கள்.

மலை ஏறுவதற்கென்றே வருகிறவர்களுக்கு ஒன்று. அரிட்டாபட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. பக்கத்து மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193.42 ஹெக்டேர். லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு போன்ற பறவைகள் அங்கே பாறை இடுக்குகளில் வாழ்கின்றன. அந்த இடுக்குகளுக்குப் பக்கத்தில் டிரோன் பறக்கவிடுவதும், கூட்டைக் கிட்டத்தில் போய்ப் படம் எடுப்பதும் வேண்டாம். 2024 நவம்பரில் அந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் என்று செய்தி வந்தபோது மேலூர்ப் பக்கத்து ஜனங்கள் வீட்டு வேலையை விட்டுவிட்டுத் தெருவில் இறங்கினார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அவ்வளவு தூரம் போராடிக் காப்பாற்றிய மலையில் பீர் பாட்டிலை உடைத்துவிட்டு வந்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

மாசி, பங்குனியில் நெருப்பு மூட்டவே கூடாது. புல் காய்ந்து தாளாக இருக்கும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் தீயில் சிக்கி மலையேற்றத்துக்குப் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. காப்புக்காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். ‘உள்ளூர்ப் பையன் கூட்டிட்டுப் போறான்’ என்பது அனுமதி ஆகாது.

பாம்பு பற்றிக் கேட்பார்கள். இருக்கிறது. கட்டுவிரியன் இரவில் வரும், கடித்தது பல நேரம் தெரியவே தெரியாது. தரையில் படுக்காதீர்கள், கட்டிலில் கொசுவலையைச் செருகிப் படுங்கள். கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, வேர் தேடுவது எதுவும் வேண்டாம். நேராக மதுரை பெரியாஸ்பத்திரி. குரங்குக்குச் சோறு வைக்காதீர்கள். ஒரு நாள் வைத்தால் மறுநாள் அது தண்ணீர்த் தொட்டி மூடியைத் திறந்து குளிக்கும்.

என்னைக் கேட்டால், இடம் வாங்குவதற்கு முன் ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பாருங்கள். சித்திரை, ஐப்பசி, சாமி கும்பிடு, பொங்கல் எல்லாம் ஒரு சுற்று வந்துவிடும்.

கடைசியாக, நான் இன்னும் திருத்திக்கொள்ளாத தவறு ஒன்று. மலை ஓரம் வீடு என்று குடிவந்த புதிதில் எல்லாச் சொந்தக்காரர்களுக்கும் படம் அனுப்பினேன். ஏழு வருடமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் யாராவது ஒரு கார் வாசலில் வந்து நிற்கிறது. வருகிறவர்கள் தயவுசெய்து சனிக்கிழமையே ஒரு போன் போடுங்கள். கறி எடுக்க நான் வண்டியை எடுத்துக்கொண்டு நாகமலை புதுக்கோட்டை வரைக்கும் போய்வர வேண்டியிருக்கிறது.