நொச்சி இலை ஒத்தடம்

மதில் காத்த வீரர் சூடிய பூவாகச் சங்கப் பாடல்கள் போற்றும் நொச்சி, சித்த மருத்துவத்தில் மூட்டுவலிக்கும் இடுப்புவலிக்கும் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. இரண்டு கைப்பிடி இலையை ஈரம் போகத் துடைத்து, இரும்புச் சட்டியில் இரண்டு தேக்கரண்டி விளக்கெண்ணெய் விட்டு, இலை சுருண்டு மணம் எழும்வரை சிறுதீயில் வதக்கி, பருத்தித் துணியில் முடிச்சாகக் கட்டிக்கொள்ள வேண்டும். வலியுள்ள இடத்தில் வைப்பதற்கு முன், முடிச்சை உங்கள் முன்கையில் தொட்டுச் சூடு பார்ப்பதை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். நீரிழிவால் உணர்ச்சி குறைந்த பாதங்களில், கொப்புளம் எழுந்த பின்பும் சூடு தெரியாமல் போகலாம் என்பதால், அங்கே இந்த ஒத்தடமே வேண்டாம். ஆறியதும் மீண்டும் வதக்கி, பத்து நிமிடம் வரை மென்மையாக ஒற்றி எடுக்கலாம். அடிபட்டு உடனே வீங்கிய இடத்தையும், சிவந்து காய்ச்சலோடு வலிக்கும் மூட்டையும் மருத்துவரிடமே காட்ட வேண்டும்.